50,000 ரூபாய் ஸகாத்: வாசல் வரிசையா, மளிகைப் பையா, மூடிய உறையா?

ரமளான் பிறை தெரிந்த மறுநாளே கணக்கு நோட்டு வெளியே வந்துவிடும். கையிருப்பு, வங்கியில் கிடப்பது, கடைச் சரக்கு எல்லாம் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து 20 லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸகாத் என்னும் கட்டாய தர்மம் இதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம், 50,000 ரூபாய். இதில் சந்தேகம் வந்தால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பலரும் கேட்காமல் விடுவது அடுத்த கேள்வியைத்தான்: இந்தப் பணம் எந்த வழியாக அந்த ஏழை வீட்டுக்குள் போகப்போகிறது?

வாப்பா காலத்தில் வாசலில் வைத்துக் கொடுத்தார்கள், நாமும் வாசலில் கொடுக்கிறோம். பக்கத்துத் தெருவில் மேடை போட்டுப் பை கொடுத்தார்கள், நாமும் போடுவோம். இப்படிப் பழக்கத்தில் ஓடிவிடுகிறது. நம் மஹல்லாக்களில் (பள்ளிவாசல் வட்டாரங்களில்) நடக்கும் வழிகளை எடுத்து இரண்டு கேள்விகளால் உரசிப் பார்ப்போம். கொடுப்பவரின் நிய்யத்தை, அதாவது உள்நோக்கத்தை, எது காப்பாற்றுகிறது? வாங்குபவரின் மானத்தை எது காப்பாற்றுகிறது?

இரண்டும் வேறு வேறு விஷயம் என்று தோன்றும். குர்ஆன் அப்படிப் பிரிக்கவில்லை. 2:264ஆம் வசனம், சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அப்படிப் பாழாக்குபவனை மக்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செலவழிப்பவனோடு ஒப்பிடுகிறது. வழுவழுப்பான பாறை, அதன்மேல் மெல்லிய மண். தூரத்தில் இருந்து பார்த்தால் விளைநிலம் மாதிரிதான் இருக்கும். பெருமழை ஒன்று அடித்ததும் மண் கரைந்து மொட்டைப் பாறை மட்டும் நிற்கிறது. வாங்கியவர் மனம் நொந்தால் நட்டம் அவருக்கு மட்டும் இல்லை, கொடுத்தவர் கணக்கிலும் ஒன்றும் மிஞ்சாது. அதற்கு முந்தைய வசனம் இன்னும் நேராகச் சொல்கிறது: நோவினை பின்தொடரும் தர்மத்தைவிட இனிய சொல்லும் மன்னிப்பும் மேலானவை.

மறைத்துக் கொடுப்பது பற்றிய வசனம் 2:271. தர்மங்களை வெளிப்படையாகச் செய்தால் அதுவும் நல்லதே. மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் நல்லது. இமாம் இப்னுல் கய்யிம் இதில் ஒரு நுணுக்கத்தைப் பிடித்தார். 'மறைத்து' என்ற சொல்லோடு 'ஏழைகளுக்கு' என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது. பாலம் கட்டுவது, படைக்குத் தளவாடம் கொடுப்பது போன்ற பொதுக் காரியங்களை மறைத்துச் செய்ய முடியாது. ஏழைக்குக் கொடுப்பதை மறைப்பதில், அவர் முகம் மக்கள் முன்னால் வெளிறாமல் இருக்கிறது. கொடுத்த கை மேலே, வாங்கிய கை கீழே என்று ஊர் பார்க்காமல் இருக்கிறது. அதனால் தெருவுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டால் ஊருக்கே தெரியட்டும். கணவரை இழந்து இத்தா என்னும் காத்திருப்புக் காலத்தில் இருக்கும் பெண்ணின் வீட்டு வாடகையைக் கட்டியது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கீழே வருகிற ஒப்பீடு முழுக்க இந்த அளவுகோலில்தான் நிற்கிறது.

வாசல் வரிசை

ரமளானின் கடைசிப் பத்தில், பெரிய வீட்டு கேட்டுக்கு வெளியே காலையிலிருந்தே கூட்டம் சேரும். ஆளுக்கு 100 ரூபாய் அல்லது ஒரு சேலை. 50,000 ரூபாயை 100 ரூபாயாகப் பிரித்தால் 500 பேர். ஸகாத்தின் நோக்கத்தை வைத்துப் பார்த்தால், 500 பேரில் ஒருவருடைய கஷ்டமும் தீராது. "கொடுத்தால் போதுமான அளவுக்குக் கொடுங்கள்" என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்களின் சொல் ஒன்று அறிவிக்கப்படுகிறது. 100 ரூபாய் வரிசை அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

வரிசையின் பெரிய ஓட்டை வேறொன்று. அதற்கு வருபவர் நிற்கத் துணிந்தவர். நபி (ஸல்) அவர்கள் மிஸ்கீன் (வறியவர்) யார் என்று சொன்னது, ஒரு கவளம் இரண்டு கவளத்துக்காக மக்களிடம் சுற்றி வருபவரை அல்ல. தேவைக்குப் போதுமானது இல்லாமலும், அந்த நிலை பிறருக்குத் தெரியாமலும், எழுந்து போய்க் கேட்காமலும் இருப்பவரே மிஸ்கீன் என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). குர்ஆன் 2:273 அவர்களை இன்னும் கிட்டத்தில் காட்டுகிறது: அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே நினைப்பார், அவ்வளவு தன்மானம். வரிசையில் நிற்க முடியாதவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் பெண். படுத்த படுக்கையான கணவரை விட்டு நகர முடியாத மனைவி. போன வருஷம் வரை தானே ஸகாத் கொடுத்துக்கொண்டிருந்து, கடை நொடித்துப்போன வியாபாரி. வாசல் வரிசை இந்த மூவரையும் தானாகவே வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறது.

உயிர்ச் சேதமும் உண்டு. இந்தோனேசியாவின் பசுருவானில் 2008 செப்டம்பர் 15 அன்று ஆளுக்கு 30,000 ரூபியா ஸகாத் வாங்க வந்த நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். வங்கதேசத்தின் மைமன்சிங்கில் 2015 ஜூலையில் ஸகாத் துணி வாங்க வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பு மாளிகாவத்தையில் 2020 மே 21 அன்று 3 பெண்கள். யேமன் தலைநகர் ஸன்ஆவில் 2023 ஏப்ரலில் ஆளுக்கு 5,000 ரியால் கொடுத்த இடத்தில் 70க்கும் மேற்பட்டோர். இவற்றைப் படித்தால் மாதிரி ஒன்றுதான். நேரத்தை முன்கூட்டியே ஊருக்குச் சொல்கிறார்கள். வருபவர்களைவிடப் பொருள் குறைவு என்ற பேச்சு பரவுகிறது. நோன்போடு மணிக்கணக்காக நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு குறுகிய கதவு திறக்கிறது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் விழுந்தவர் தெரியாது. அவர் தள்ளிக்கொண்டே இருப்பார்.

டோக்கன் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வாணியம்பாடியில் 2023 பிப்ரவரி 4 அன்று 4 மூதாட்டிகள் இறந்தது, தைப்பூசத்துக்கு இலவசச் சேலை வழங்குவதற்கான டோக்கன் வாங்கும் இடத்தில்தான். டோக்கனையே ஓரிடத்தில் வைத்துக் கொடுத்தால் நெரிசல் ஒரு நாள் முன்னதாக வருகிறது, அவ்வளவே. வீடு வீடாகப் போய் டோக்கன் கொடுக்க ஆள் இருக்கிறது என்றால், அதே ஆள் பணத்தையே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே.

எங்கள் முடிவு: ஸகாத்துக்கு வாசல் வரிசை வேண்டாம். தானாக வாசலில் வந்து கேட்பவரை விரட்டக் கூடாது. கேட்பவரை அதட்டாதீர் என்பது குர்ஆனின் கட்டளை (93:10). அவருக்கு ஸதகாவில் (விரும்பிக் கொடுக்கும் தர்மத்தில்) இருந்து கொடுங்கள். கூட்டத்தை நீங்களே வரவழைப்பது வேறு விஷயம்.

மளிகைப் பையும் மேடையும்

அரிசி, எண்ணெய், பருப்பு, சர்க்கரை, சேமியா, பேரீச்சம்பழம். இப்போது எங்கும் இதுதான். பையில் வள்ளல் பெயர், பின்னால் பேனர், வாங்குபவர் பையைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்க வேண்டும். இதில் மூன்று தனித்தனிப் பிழைகள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று புரியும்.

முதலாவது, பொருளாகக் கொடுத்தால் ஸகாத் நிறைவேறுமா என்பது. ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) பணத்துக்குப் பதில் அதே மதிப்புள்ள பொருளைக் கொடுக்கலாம். ஆனால் கணக்கில் எடுப்பது சந்தை மதிப்பு. பைக்கும் அச்சுக்கும் வண்டிக்கும் ஆன செலவை ஸகாத்தில் சேர்க்க முடியாது. 1,500 ரூபாய் செலவான பையில் பண்டத்தின் மதிப்பு 1,350 என்றால், நிறைவேறியது 1,350 மட்டுமே. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் நிலை இன்னும் கறார்: பணத்தின் ஸகாத் பணமாகத்தான் போக வேண்டும். இந்த ஊர்களிலும் மளிகைப் பை ஸகாத் நடக்கிறது. தங்கள் ஆலிமிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. பெருநாள் தர்மமான ஃபித்ராவுக்கு நேர்மாறு. அது ஒரு ஸாஉ (பழைய முகத்தல் அளவு) உணவு, அரிசியில் சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ. ஷாஃபிஈயில் உணவாகவே கொடுக்க வேண்டும், ஹனஃபியில் அதன் விலையையும் கொடுக்கலாம். அரிசிப் பைக்கு உரிய இடம் ஃபித்ராதான்.

இரண்டாவது, அந்த வீட்டுக்கு அரிசி தேவையா? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு இன்னும் 10 கிலோ வந்தால் அது கைமாறும், குறைந்த விலைக்கு. அந்த வீட்டுக்குக் குறைவது வீட்டு வாடகை, சர்க்கரை நோய் மாத்திரை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வாராவாரம் கதவைத் தட்டும் குழுக் கடன் தவணை. பை இவற்றில் எதையும் தொடாது. தேவை என்ன என்பதைக் கொடுப்பவர் தீர்மானித்துவிடுவதே ஒரு வகையில் அந்தக் குடும்பத்தைச் சிறு பிள்ளையாக நடத்துவதுதான்.

மலிவுச் சரக்கு வந்து சேர்வதும் இந்த வழியில்தான். வங்கதேசத்தில் ஸகாத் சேலை என்றே ஒரு மட்ட ரகம் கடைகளில் விற்கிறது. நம் ஊரிலும் ரமளானுக்கு முன் துணிக்கடையில் போய் "கொடுக்கிறதுக்குத்தான், கம்மியா காட்டுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2:267 இதைத்தான் தடுக்கிறது: கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமானதைத் தேடிப் பிடித்துக் கொடுக்காதீர்கள். ஒரு சின்னச் சோதனை போதும். பெருநாளன்று உங்கள் வீட்டுப் பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவாரா?

மூன்றாவது, படம். இதற்கு எந்த வாதமும் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. "வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புகிறவர் ஆதாரம் கேட்கிறார்" என்பார்கள். மளிகைக் கடை ரசீது, பெற்றவர் கையெழுத்திட்ட சீட்டு, பெயருக்குப் பதில் எண் போட்ட பட்டியல் ஆகியவை ஆதாரம் ஆகாதா? பெண்ணின் முகம் எந்தக் கணக்கையும் சரிபார்ப்பதில்லை. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி, அவள் மகனின் வகுப்புத் தோழன் கைக்குப் போய்ச் சேரும். அந்தப் பையன் பள்ளியில் கேட்கப்போகும் ஒரு கேள்விதான் 2:264 சொல்லும் நோவினை. கொடுத்து ஆறு மாதம் ஆன பிறகும் அது நடக்கும், கொடுத்தவருக்குத் தெரியாமலே நடக்கும். முகத்தை மங்கலாக்கிப் போடுவதும் உதவாது; அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குச் சேலையும் நடையும் போதும்.

நிய்யத்துக்கு வரும் ஆபத்தும் இங்கேதான் உச்சம். மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவர் வாரி வழங்கிய செல்வந்தர் என்று முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. உனக்காகக் கொடுத்தேன் என்பார். வள்ளல் என்று சொல்லப்படவே கொடுத்தாய், அது சொல்லப்பட்டுவிட்டது என்று பதில் வரும். அந்த நபிமொழியை மனத்தில் வைத்துக்கொண்டு பையில் அச்சடித்த பெயரைப் பாருங்கள்.

மூடிய உறை

நேரடியாகப் பணம். எண்ணிக்கை குறைவாக, தொகை கனமாக. 50,000 ரூபாய் ஐந்து வீட்டுக்கு 10,000 வீதம் போகலாம், அல்லது ஒரே வீட்டின் கடனை அடைக்கலாம். இங்கே மத்ஹப்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கின்றன என்பது வியப்பாக இருக்கும். ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி, தொழில் தெரிந்தவருக்கு அந்தத் தொழிலின் கருவி வாங்கும் அளவு கொடுக்க வேண்டும் என்கிறார். காய்கறி விற்பவருக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும், நகை வியாபாரிக்கு 10,000 திர்ஹம் ஆகலாம் என்று தொழிலுக்குத் தொழில் முதலீட்டைப் பிரிக்கிறார். ஹனஃபியில், கடனும் குடும்பச் சுமையும் இல்லாத ஒருவருக்கு நிஸாப் அளவு (ஸகாத் கடமையாகும் குறைந்தபட்சச் செல்வம்) முழுவதையும் கொடுப்பது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் 100 ரூபாய்க்கு இடம் வராது.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கவனம். உறையின் மேல் ஒன்றும் எழுதாதீர்கள். புதிய 500 ரூபாய்க் கட்டு வேண்டாம், புழங்கிய நோட்டே நல்லது. கடையில் மாற்றும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண்ணே போகட்டும், ஒருவர் போதும். நாலு பேர் பைக்கில் போய் இறங்கினால் தெருவே கதவைத் திறந்து பார்க்கும். வாசலில் நின்று நீட்டாமல், உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசி, கிளம்பும்போது வைத்துவிட்டு வர வேண்டும்.

வங்கி வழியாக அனுப்பினால் இன்னொரு பொறி இருக்கிறது. யுபிஐயில் குறிப்பு எழுதும் கட்டத்தில் 'ஸகாத்' என்று தட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம், நம் கணக்குக்கு வசதி. அந்தக் குறிப்பு எதிர்ப்பக்கத்துச் செயலியிலும் தெரியும். வீட்டில் ஒரே போன் என்றால் அதைப் பார்ப்பது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். குறிப்பை வெறுமையாக விடுங்கள், உங்கள் கணக்கை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பெயரும் போகும் என்பதால், பெயர் தெரியவே கூடாது என்றால் இமாம் வழியாகவோ நம்பிக்கையான ஒரு பெண் வழியாகவோ ரொக்கம்தான் சரி.

"இது ஸகாத்" என்று சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. நிய்யத் கொடுப்பவர் உள்ளத்தில், கொடுக்கும் நேரத்திலோ தனியே எடுத்து வைக்கும் நேரத்திலோ இருந்தால் போதும். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்களிடம் இதைக் கேட்டபோது, அந்த வார்த்தையால் அவரை ஏன் குத்த வேண்டும், கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கட்டும் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். பெருநாள் காசு, பிள்ளைகளுக்கு என்று சொல்லிக் கொடுக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: அவர் ஸகாத் வாங்கத் தகுதியானவரா என்பதே சந்தேகம் என்றால், அல்லது ஸகாத் வாங்கக் கூடாத நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றலாக இருக்கக்கூடும் என்றால், சொல்லத்தான் வேண்டும். அதையும் அவரைத் தெரிந்த ஒருவரிடம் தனியாக விசாரித்து முடித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு விசாரிப்பது? உடல் வலுவுள்ள இருவர் வந்து கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். விரும்பினால் தருகிறேன், ஆனால் செல்வந்தருக்கும் சம்பாதிக்க வலுவுள்ளவருக்கும் இதில் பங்கில்லை என்று மட்டும் சொன்னார்கள் (அபூதாவூத், நஸாயீ). பீரோவைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. வருமானம் என்ன, எத்தனை பேர், கடன் உண்டா என்ற மூன்று கேள்வி போதும். அக்கம்பக்கத்தில் கேட்டால் அந்த விசாரணையே வதந்தியாகிவிடும். ஆனாலும் அறவே விசாரிக்காமல் இருக்கவும் கூடாது. விசாரித்துக் கொடுத்த பிறகு அவர் வசதியானவர் என்று தெரியவந்தால், ஹனஃபியின் பிரபலமான கருத்துப்படி ஸகாத் நிறைவேறிவிட்டது. ஷாஃபிஈயில் மீண்டும் கொடுக்க வேண்டிவரும்.

கட்டணத்தை நேராகப் பள்ளிக்கூடத்துக்கோ மருந்துக் கடைக்கோ கட்டிவிட்டால் பணம் வழியில் கரையாது என்று பலர் விரும்புகிறார்கள். நல்ல வழிதான், ஒரு நிபந்தனை உண்டு. ஏழையின் உடைமையாக ஆக்குவது ஹனஃபியில் கட்டாயம். அவருக்குத் தெரியாமல் பில்லைக் கட்டினால் ஸகாத் நிறைவேறாது. "உங்கள் மகன் ஃபீஸை நான் கட்டிவிடட்டுமா?" என்று கேட்டு அவர் சரி என்றால், அவர் சார்பில் நீங்கள் கட்டுவதாக ஆகிவிடும். அதேபோல், வராத கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அதை ஸகாத்தில் எழுதிக்கொள்வதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை.

சொந்தபந்தம், வீட்டு வேலை செய்பவர்

உறவினருக்குக் கொடுத்தால் இரண்டு நன்மை, தர்மம் ஒன்று, உறவைப் பேணியது ஒன்று என்பது நபிமொழி (திர்மிதீ, நஸாயீ). பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்கு ஸகாத் கொடுக்க முடியாது. அவர்களைப் பராமரிப்பதே கடமை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமா, சாச்சா, பெரியம்மா மகன் என்று தேவையுள்ள மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். தேவை என்ன என்று விசாரிக்காமலே தெரியும், வீட்டுக்குப் போய்வருவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மறைப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சொல்லிக்காட்டுவதற்கும் இதைவிட வசதியான இடம் இல்லை, அதுதான் கஷ்டம். அந்நியரிடம் திரும்பப் பேச வாய்ப்பே வராது. மச்சானோடு ஆண்டுக்கு இருபது விசேஷத்தில் உட்கார வேண்டும். சொத்துப் பேச்சில் குரல் உயரும் அன்று, "உன் பிள்ளைக்குக் கட்டினது யாரு?" என்று ஒரு வார்த்தை விழுந்தால் முடிந்தது. அப்படி வாய் தவறும் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர், அந்தப் பங்கை இமாம் மூலமாக அதே மச்சானுக்குப் போகச் செய்யட்டும். மச்சானுக்கும் நன்றிக்கடன் இல்லை, இவருக்கும் ஆயுதம் இல்லை.

வீட்டு வேலை செய்பவருக்குக் கொடுப்பதில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. பெருநாளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மாதச் சம்பளத்தை இந்த வருஷம் ஸகாத் பணத்தில் இருந்து கொடுத்துவிடுவது. அவர் அதைத் தன் உழைப்புக்கு வரவேண்டியது என்று எதிர்பார்த்திருக்கிறார். அப்படியானால் அது கூலி, ஸகாத் ஆகாது. முதலில் போனஸை உங்கள் கையில் இருந்து கொடுங்கள். அவர் தகுதியானவர் என்றால் ஸகாத் அதற்கு மேல், தனியாக. அதற்காக ஒரு வேளை கூடுதல் வேலையும் வாங்கக் கூடாது. அவர் முஸ்லிம் அல்லாதவர் என்றால் ஸகாத்துக்குப் பதில் ஸதகா. அதற்குத் தடையே இல்லை, 60:8ஐப் பாருங்கள்.

பைத்துல்மால்

இது ஊர் கமிட்டி நடத்தும் பொது நிதி. கொடுப்பவருக்கு வாங்குபவர் முகம் தெரியாது, வாங்குபவருக்குக் கொடுத்தவர் பெயர் தெரியாது. நம் அளவுகோலில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது. பல பேர் பணம் சேரும்போது ஒரு வீட்டுக்கு முழுக் கடனையும் தீர்க்க முடியும். நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது சொன்ன முறையும், செல்வந்தரிடம் எடுத்து அவர்களின் ஏழைகளுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான்.

நடைமுறையில் எல்லாம் கமிட்டியைப் பொறுத்தது. நம் ஊர் பைத்துல்மால் உங்கள் வகீல் (பிரதிநிதி) மட்டுமே. பணம் ஏழையின் கைக்குப் போகும்வரை உங்கள் கடமை முடிந்ததாக ஆகாது. எனவே ரசீது வாங்கும் முன்பே கேளுங்கள். ஸகாத், ஸதகா, வட்டிப் பணம் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டா? எத்தனை மாதத்தில் கொடுத்து முடிப்பார்கள்? பயனாளி பட்டியல் எத்தனை பேர் கண்ணில் படும்? மூன்று பேருக்கு மேல் என்றால் அது ரகசியம் இல்லை. விண்ணப்பத்தைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்களா? மேடை உண்டா? ஒருவேளை உண்டு என்றால், "என் பணம் படம் எடுக்கப்படும் நிகழ்ச்சியில் செலவாகக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கலாம். ஒருவர் எழுதினால் முணுமுணுப்பார்கள். பத்துப் பேர் எழுதினால் மேடை போய்விடும்.

அப்படியானால் வெளிப்படையாகக் கொடுப்பதே தவறா? இல்லை. முளர் கோத்திரத்தார் காலில் செருப்பில்லாமல், கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதீனாவுக்கு வந்த நாளில் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. தொழுகைக்குப் பின் மக்களைக் கொடுக்கத் தூண்டினார்கள். அன்சாரி ஒருவர் கையால் தூக்க முடியாத பையைச் சுமந்து வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வரிசையாகக் கொண்டுவந்தார்கள், உணவும் துணியும் இரண்டு குவியலாகச் சேர்ந்தன. நல்ல வழியைத் தொடங்கி வைப்பவருக்குப் பின்வருபவர்களின் நற்கூலியும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது அன்றுதான் (முஸ்லிம்). மௌனமாக இருக்கும் சபையில் முதல் ஆளாகத் தொகையைச் சொல்வது ஊருக்கே உதவி. தொகையைச் சொல்லுங்கள், தேவையைச் சொல்லுங்கள், வாங்கப்போகும் பெண்ணின் பெயரையும் தெருவையும் சொல்லாதீர்கள். கடமையான ஸகாத்தை வெளிப்படையாகவும் உபரியான ஸதகாவை மறைத்தும் கொடுப்பது சிறந்தது என்று அறிஞர்கள் பலர் சொன்னதும் கொடுப்பவர் பக்கத்தைப் பற்றித்தான்: தன் கடமையைச் செய்கிறார் என்று மக்கள் அறியட்டும், கெட்ட எண்ணம் கொள்ளாதிருக்கட்டும் என்று.

அந்த 50,000 ரூபாய்க்கு எங்கள் பரிந்துரை இது. உறவிலோ தெருவிலோ கடனில் மூழ்கிய ஒரு வீட்டுக்கு 25,000. வாடகையோ கட்டணமோ நிலுவையில் உள்ள இரண்டு வீட்டுக்கு 8,000 வீதம். மீதி 9,000 மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் பைத்துல்மாலுக்கு, அப்படி ஒன்று இல்லை என்றால் நான்காவது வீட்டுக்கு. ரமளானின் 27ஆம் இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆண்டு நிறைவதற்குமுன் முன்கூட்டியே கொடுப்பது ஹனஃபியிலும் ஷாஃபிஈயிலும் செல்லும். ரமளானுக்கு முந்தைய மாதமான ஷஃபான் கடைசியிலேயே கொடுத்துவிட்டால் அந்த வீட்டார் நோன்பு முழுக்கக் கவலையில்லாமல் இருப்பார்கள். ஃபித்ரா அரிசி பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்பே போகட்டும், இப்னு உமர் (ரலி) காலத்தில் செய்தது போல.

கொடுத்த பின் ஒன்று மிச்சம் இருக்கிறது. வாங்கியவர் துஆச் செய்வார். ஆயிஷா (ரலி) அவர்கள் தர்மத்தைக் கொடுத்தனுப்பும்போது, அந்த வீட்டார் என்ன துஆச் செய்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்வார்களாம். அதே துஆவை அவர்களுக்குத் திரும்பச் செய்வார்களாம், தர்மத்தின் கூலி அல்லாஹ்விடம் முழுதாக இருக்கட்டும் என்று. எனவே "அல்லாஹ் உங்கள் பிள்ளைகளுக்கு பரக்கத் செய்யட்டும்" என்று அந்த அம்மா சொன்னால், "உங்கள் பிள்ளைகளுக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.